ஃப்ளைட் ரத்துன்னு மெசேஜ் வந்தா, எதுக்கு ஓகே சொல்லணும்?

லீவுக்கு டிக்கெட் போட்டாச்சு, இப்ப பார்த்தா ஏர்லைன் ஊழியர்கள் போராட்டம்னு நியூஸ்ல ஓடுது, என்ன பண்றது, அக்கான்னு கேட்டிருந்தே. போன்ல சொன்னா பாதி காத்துல போயிடும், அதான் எழுதியே அனுப்பறேன். அம்மாவுக்கும் அத்தைக்கும் படிச்சுக் காட்டு. அவங்க டிக்கெட்டும் உன் கையாலதானே போடறே.

பேங்க் ஸ்டிரைக்னா முன்கூட்டியே பேப்பர்ல வந்துடும். பஸ் ஸ்டிரைக்னா டிப்போ வாசல்ல போஸ்டர் ஒட்டிடுவாங்க. ஃப்ளைட் விஷயத்துல நம்ம ஊர்ல அந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. இங்கே ஸ்டிரைக், 'உடம்பு சரியில்லை'ங்கற லீவாத்தான் வரும். செப்டம்பர் 2009-ல ஜெட் ஏர்வேஸ் பைலட்டுங்க மொத்தமா சிக் லீவ் போட்டாங்க. அந்த ஏர்லைன் நாள் கணக்குல தடுமாறிப் போச்சு. மே 2012-ல ஏர் இந்தியா பைலட்டுங்களும் சிக் லீவ்லதான் ஆரம்பிச்சாங்க. டெல்லி ஹைகோர்ட் தடை போட்டும் நிக்கலை, 58 நாள் இழுத்து ஜூலையிலதான் முடிஞ்சது. அப்புறம் மே 7, 2024 ராத்திரி, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் க்ரூ. டியூட்டிக்கு வர வேண்டிய கடைசி நேரத்துல நூத்துக்கும் மேல சிக் லீவ். ஜனங்க பெட்டியோட ஏர்போர்ட் வாசல்ல வந்து நின்ன பிறகுதான் ஃப்ளைட் இல்லைன்னே தெரிஞ்சது.

டாடா குழுமம் பழைய ஏர் ஏஷியா இந்தியாவை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோட சேர்த்துக்கிட்டிருந்த நேரம் அது. அலவன்ஸ் குறைஞ்சுபோச்சு, எங்களைச் சமமா நடத்தலைன்னு பழைய ஊழியர்களுக்கு மனக்குறை. நிர்வாகம் 25 பேரை வேலையை விட்டு நீக்குச்சு. மே 9-ஆம் தேதி டெல்லியில மத்திய தலைமை லேபர் கமிஷனர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை நடந்து, 25 பேரையும் திரும்பச் சேர்த்துக்கறதா ஒப்புக்கிட்டாங்க, க்ரூவும் வேலைக்குத் திரும்பினாங்க. அந்த மே 9 அன்னிக்கு மட்டும் எழுபதுக்கும் மேல ஃப்ளைட் ரத்து. அதுவும் ஏர் இந்தியா 20 ரூட்ல தன்னோட ஃப்ளைட்டை விட்டுக் கைகொடுத்த பிறகு. அதிகமா அடிபட்டது கேரளாவுலேர்ந்து வளைகுடாவுக்குப் போறவங்க. நம்ம பக்கத்துலயும் திருச்சியிலேர்ந்து சிங்கப்பூர், துபாய்னு அதே ஏர்லைனை நம்பியிருக்கிற குடும்பங்கள் எத்தனையோ.

நவம்பர் 21, 2025-லேர்ந்து புதுத் தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்திருக்கு. ஸ்டிரைக் பண்ணணும்னா 14 நாள் நோட்டீஸ் குடுக்கணும். பாதிப் பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து ஒரே நாள்ல கேஷுவல் லீவ் போட்டா அதுவும் ஸ்டிரைக் கணக்குதான்னு அதுல இருக்கு. நல்லதுதான். ஆனா நோட்டீஸ் இல்லாம நடந்துச்சுன்னா அது ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடக்கிற வழக்கு. மீனம்பாக்கத்துல பெட்டியோட நிக்கிற உனக்கு அன்னிக்கு ராத்திரி அந்தச் சட்டத்தால ஒரு ஃப்ளைட்டும் வராது. அதனால எச்சரிக்கை வரும், அப்ப பார்த்துக்கலாம்னு இருக்காதே. எச்சரிக்கையே வராதுன்னு வச்சுக்கிட்டுத் தயாராகு.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். ஃப்ளைட் ரத்தானா உனக்கு வர வேண்டியது மூணு வகை. ஒண்ணு, கட்டின பணம் திரும்ப வர்றது, இல்லைன்னா மாற்று ஃப்ளைட். ரெண்டாவது, காத்திருக்கிற நேரத்துக்குச் சாப்பாடு, தங்க ரூம். மூணாவது, நஷ்டஈடு. இந்த மூணையும் ஜனங்க ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவர் "ஸ்டிரைக் மேடம், ரூல்ஸ்படி ஒண்ணும் கிடையாது"ன்னு சொன்னா, மூணுமே கிடையாதுன்னு நினைச்சு வீட்டுக்கு வந்துடறாங்க.

அவர் சொல்றது மூணாவதுக்கு நிஜம், முதலாவதுக்குச் செல்லாது, ரெண்டாவதைக் கீழே சொல்றேன். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தற டி.ஜி.சி.ஏ. 2010-ல கொண்டுவந்து அப்புறம் திருத்திக்கிட்டே வர்ற விதி ஒண்ணு இருக்கு. 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லாம ரத்து பண்ணிட்டு, நீ ஏத்துக்கற மாதிரி மாற்று ஃப்ளைட்டும் தரலைன்னா, முழுப் பணத்தோட கூட நஷ்டஈடும் தரணும்னு அது சொல்லுது. ஒரு மணி நேரம் வரைக்கும் பறக்கற ஃப்ளைட்டுக்கு 5,000 ரூபாய், ரெண்டு மணி நேரம் வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000. உன் டிக்கெட்டோட அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைச்சலா இருந்தா, அந்தக் குறைஞ்ச தொகைதான். ஆனா அதே விதியில, ஏர்லைன் கையை மீறின காரணம்னு ஒரு வரிசை குடுத்திருக்காங்க. வெள்ளம், கலவரம், அரசாங்க உத்தரவு இதுங்களோட 'ஸ்டிரைக், தொழிலாளர் தகராறு'ன்னும் அதுல இருக்கு. அந்தக் காரணம் வந்துட்டா நஷ்டஈடு தர வேண்டியதில்லை.

எனக்கு இது நியாயமாப் படலை. வெள்ளம் யாரும் வரவழைக்கிறது கிடையாது. தன் ஊழியர்களோட பேசித் தீர்க்காம விட்டது ஏர்லைன்தானே? ஐரோப்பாவுல கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருக்கு, அதைக் கீழே சொல்றேன். இங்கே விதி இப்படி இருக்கிற வரைக்கும், நஷ்டஈட்டுக்காகக் கவுன்ட்டர்ல நின்னு தொண்டை கிழிய கத்தறதுல பிரயோஜனம் இல்லை. அந்தச் சக்தியை முதல் வகைக்குச் செலவழி. ஸ்டிரைக்கோ புயலோ, ஃப்ளைட் ரத்தானா மாற்று ஃப்ளைட் இல்லைன்னா முழு ரீஃபண்ட். எது வேணும்னு தீர்மானிக்கிறது நீ. ஏர்லைன் கிடையாது.

அந்தத் தீர்மானத்தைத்தான் நிறையப் பேர் அவசரத்துல எடுக்கறாங்க. வாட்ஸாப்ல மெசேஜ் வரும்: உங்க ஃப்ளைட் ரத்து, சிரமத்துக்கு வருந்துகிறோம், கீழே ஒரு லிங்க். அதைத் தொட்டா ஒரு பக்கத்துல 'ரீஃபண்ட்', இன்னொரு பக்கத்துல 'தேதி மாத்து'. சில ஏர்லைன் 'கிரெடிட்டா வச்சுக்கோங்க'ன்னு மூணாவதும் காட்டும். கோபத்துல முதல்ல கண்ணுல படற ரீஃபண்டை அழுத்திடுவோம். அழுத்தின நிமிஷமே உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு ஏர்லைனை விட்டுப் போயிடுது. நீ மூணு மாசம் முன்னாடி 4,500 ரூபாய்க்கு வாங்கின டெல்லி டிக்கெட்டுக்கு 4,500 திரும்பி வரும். அன்னிக்கு வேற ஏர்லைன்ல அதே சீட் 20,000 காட்டும். அதனால ரீஃபண்டை அழுத்தறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் மூச்சு விட்டு, மாற்று வழி கையில இருக்கான்னு பாரு. ரயில் சீட் கிடைச்சாச்சா, பயணமே வேண்டாமா, அப்ப தாராளமா ரீஃபண்ட். கட்டாயம் போயாகணும்னா 'தேதி மாத்து'. அங்கே அவங்களாவே நாளன்னிக்கு ராத்திரி ஃப்ளைட்டைப் போட்டிருந்தா, அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. இன்னிக்கு மதியம், நாளைக்குக் காலைன்னு நீயே தேடி ஃப்ளைட் நம்பரைச் சொல்லிக் கேளு. 'ஏதாவது பாருங்க'ன்னு கேட்கிறவங்களைவிட, நம்பரோட கேட்கிறவங்களுக்கு வேலை சீக்கிரம் நடக்கும்.

கிரெடிட் விஷயத்துல ஏமாறாதே. பணத்தைக் கிரெடிட்டா வச்சுக்கறதா வேண்டாமாங்கறது பயணியோட இஷ்டம், ஏர்லைன் தானா அப்படி மாத்தக் கூடாதுன்னு டி.ஜி.சி.ஏ. விதி சொல்லுது. ஏஜென்ட், டிக்கெட் ஆப் மூலமா வாங்கியிருந்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு ஏர்லைன்தான். "ஏஜென்ட்டைக் கேளுங்க"ன்னு ஏர்லைனும், "ஏர்லைன் இன்னும் அனுப்பலை"ன்னு ஏஜென்ட்டும் உன்னைப் பந்தாடினா, இந்த ஒரு வரியைச் சொல்லு.

இன்னொண்ணு, நியூஸ் பார்த்துப் பயந்து நீயா முந்திக்கிட்டு டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடாதே. நீ கேன்சல் பண்ணா கேன்சலேஷன் சார்ஜ் போயிடும். அவங்க ரத்து பண்ணா முழுப் பணம். போராட்ட நாள்ல சில ஏர்லைன் 'கட்டணம் இல்லாம மாத்திக்கலாம்'னு அறிவிக்கும். அந்த அறிவிப்பு அவங்க சைட்ல வந்தபிறகு தொடு. போக, வர ஒரே டிக்கெட்டா இருந்து, போற ஃப்ளைட்டை நீயா விட்டுட்டு ரயில்ல போயிட்டா, திரும்பி வர்ற சீட்டும் பல ஏர்லைன்ல தானா ரத்தாயிடும். போற பாதி மட்டும் அவங்க ரத்து பண்ணியிருந்தா, வர்ற பாதியை அப்படியே வச்சுக்கச் சொல்லி எழுத்துல வாங்கிக்கோ.

காரணத்தையும் எழுத்துல வாங்கணும். இது வக்கீல் வேலை மாதிரித் தெரியும், ஆனா பணம் இதுலதான் இருக்கு. மெசேஜ்ல பெரும்பாலும் 'ஆபரேஷனல் காரணங்கள்'னுதான் போட்டிருக்கும். ஆளை நேர்ல கேட்டா ஸ்டிரைக்னு சொல்லுவாங்க. டிசம்பர் 2025-ல இண்டிகோவுல நடந்தது ஞாபகம் இருக்கா? பைலட்டுங்க ஓய்வு நேரம் பத்தின புது விதி நவம்பர் 1-லேர்ந்து முழுசா அமலுக்கு வந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்துலேர்ந்து 48 ஆச்சு. அதுக்கேத்த மாதிரி ஏர்லைன் திட்டம் போடலை. டிசம்பர் 3 முதல் 5 வரைக்கும் மட்டும் 2,507 ஃப்ளைட் ரத்து, மூணு லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. வெளியிலேர்ந்து பார்த்தா ஸ்டிரைக் மாதிரியேதான் இருந்தது. ஆனா அங்கே யாரும் ஸ்டிரைக் பண்ணலை. ஆள் பத்தலை, அவ்வளவுதான். அதனால 24 மணி நேரத்துக்குள்ள ரத்தானவங்களுக்கு 5,000-லேர்ந்து 10,000 வரை நஷ்டஈடு உண்டுன்னு ஏர்லைனே அறிவிச்சது, ரொம்ப அவதிப்பட்டவங்களுக்கு மேல 10,000 ரூபாய்க்கு வவுச்சரும் தந்தது. ஒரே மாதிரி கூட்டம், ஒரே மாதிரி அவதி, காரணம் மாறினா பணம் மாறுது. கவுன்ட்டர்ல இருக்கிறவரோட வாய் வார்த்தை பின்னாடி உதவாது. ஏர்லைன் இமெயிலுக்கு ஒரு வரி அனுப்பு: 'இந்த பி.என்.ஆர். ஃப்ளைட் எந்தக் காரணத்துக்காக ரத்து செய்யப்பட்டது என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவிக்கவும்.' பதில் வந்தாலும் உனக்கு ஆதாரம், வராட்டியும் நீ கேட்டதுக்கு ஆதாரம்.

சரி, டிக்கெட் போடறப்பவே பண்ண வேண்டியது என்னன்னா, போன் நம்பர். அற்பமாத் தெரியும், ஆனா மெசேஜ் எங்கே போகுதுங்கறதுலதான் பாதி அவதி இருக்கு. எங்க மாமியார் டிக்கெட்டை ஒரு ஏஜென்ட் போட்டுக் குடுத்தார். ரத்துன்னு மெசேஜ் அவர் நம்பருக்குப் போச்சு, அவர் தூங்கிட்டிருந்தார். மாமியார் விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து குளிச்சு, தயிர்சாதம் கட்டிக்கிட்டு ஏர்போர்ட் போய் நின்னாங்க. சரியான தொடர்பு நம்பரைத் தராத பயணிக்கு நஷ்டஈடு இல்லைன்னு விதியிலயே இருக்கு, தெரியுமா? அதனால டிக்கெட் வந்த அன்னிக்கே ஏர்லைன் சைட்ல பி.என்.ஆரைப் போட்டுத் திறந்து, யார் நம்பர் பதிவாகியிருக்குன்னு பாரு. பயணம் போறவங்க நம்பரையும் உன் இமெயிலையும் போடு. அமெரிக்காவுல இருக்கிற பையன் அம்மாவுக்கு டிக்கெட் போட்டா அவன் நம்பர்தான் இருக்கும். அதை மாத்தாம விடாதே.

வெளிநாடு போறதுன்னா, சென்னையிலேர்ந்து கடைசி ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடு. மும்பை வரைக்கும் ஒண்ணு, அங்கேர்ந்து வேறொண்ணுன்னு தனித்தனியா வாங்கினா ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சமாகும். ஆனா முதல் ஃப்ளைட் ரத்தாகி ரெண்டாவது போச்சுன்னா, ரெண்டாவது ஏர்லைனுக்கு நீ வராத பயணி. ஒரே டிக்கெட்டா இருந்தா உன்னைக் கடைசி வரைக்கும் கொண்டுசேர்க்கிறது அவங்க பாடு. வேலை விசா தேதி முடியப்போறவங்க, பரீட்சை, ஆபரேஷன்னு போறவங்க கடைசி நாள்ல பயணம் வச்சுக்கவே கூடாது. ஒரு நாளாவது இடம் விடு. டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தா அதுல ஸ்டிரைக் சேர்ந்திருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடி படி. போராட்டம் நியூஸ்ல வந்தபிறகு வாங்கற பாலிசி பொதுவா அந்தப் போராட்டத்துக்குச் செல்லாது.

மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர், திருநெல்வேலி மாதிரி ஊருக்கு, ரயிலை மனசுல வச்சுக்கோ. எழும்பூர்லேர்ந்து தேஜஸ், வைகை, திருநெல்வேலி வந்தே பாரத், நாகர்கோவில் வந்தே பாரத். சென்ட்ரல்லேர்ந்து கோவை வந்தே பாரத். தட்கல் ஏ.சி.க்குக் காலை பத்து மணி, மத்ததுக்குப் பதினொண்ணு. ஜூலை 2025-லேர்ந்து ஆன்லைன் தட்கலுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கோட ஆதார் இணைச்சிருக்கணும். அதை ஃப்ளைட் ரத்தான ராத்திரி ஓ.டி.பி. வரலைன்னு உக்காந்து பண்ணாதே, இந்த ஞாயித்துக்கிழமையே முடிச்சு வை. இண்டிகோ அவதி நேரத்துல ரயில்வே 37 ரயில்ல கூடுதல் பெட்டி சேர்த்துச்சு. அதுல 18 நம்ம தெற்கு ரயில்வே ரயில். அப்படி ஒரு நாள்ல தட்கல்ல சீட் இல்லைன்னாலும் மறுபடி மறுபடி பாரு, புதுசா இடம் திறக்கும். எதுவும் கிடைக்கலைன்னா கிளாம்பாக்கம் பஸ். அதே இண்டிகோ அவதியில, டிசம்பர் 6 அன்னிக்கு அரசாங்கம் ஃப்ளைட் கட்டணத்துக்கே உச்சவரம்பு போட்டது, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500, ஆயிரம் வரைக்கும் 12,000, 1,500 வரைக்கும் 15,000, அதுக்கு மேல 18,000-னு. ஆனா அந்த உத்தரவு வர்றதுக்குள்ள எத்தனையோ பேர் பல மடங்கு குடுத்து வாங்கிட்டாங்க. அரசாங்கம் வந்து காப்பாத்தும்னு முதல் நாளே எதிர்பார்க்க முடியாது.

கிண்டியில வீடு இருக்கிற உனக்கு ஒரு பெரிய சௌகரியம். ஆலந்தூர், நங்கநல்லூர் ரோடு, மீனம்பாக்கம், அடுத்தது ஏர்போர்ட். மெட்ரோவுல நாலாவது ஸ்டேஷன். எலெக்ட்ரிக் டிரெயின்ல போனா திரிசூலத்துல இறங்கி எதிர்ல போனா ஏர்போர்ட். அதனால கத்திப்பாரா டிராஃபிக்குக்குப் பயந்து அஞ்சு மணி நேரம் முன்னாடியே போய் உக்கார வேண்டாம். வீட்டுலேர்ந்தே ஏர்லைன் சைட்ல ஃப்ளைட் ஸ்டேட்டஸைப் பாரு. சென்னை ஏர்போர்ட் சைட்லயும் பாரு. ரெண்டும் ஒத்துப்போனா கிளம்பு. உன் ஃப்ளைட்டுக்கு வர வேண்டிய விமானம் முந்தின ஊர்லேர்ந்து கிளம்பிடுச்சான்னு காட்டற ஆப் இருக்கு, அதையும் பாரு. அந்த விமானமே கிளம்பலைன்னா உன்னுதும் சரியான நேரத்துக்குக் கிளம்பாது. நடுராத்திரி வளைகுடா ஃப்ளைட்டுன்னா மெட்ரோ இருக்காது, வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வை. கும்பகோணம், விழுப்புரத்துலேர்ந்து ஏர்போர்ட்டுக்கு வர்ற நம்ம சொந்தக்காரங்களுக்கு இந்த வசதி கிடையாது. போராட்ட நேரத்துல அவங்களை நேரா ஏர்போர்ட் போகச் சொல்லாதே. உன் வீட்டுல இறங்கி, காபி குடிச்சுட்டு, ஃப்ளைட் உறுதின்னு தெரிஞ்சபிறகு போகட்டும்.

கைப்பையில மூணு நாள் மாத்திரை, டாக்டர் சீட்டு, சார்ஜர், ஒரு மாத்து உடை இருக்கட்டும். மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செக்-இன் பெட்டியில போடாதே. இண்டிகோ அவதியப்ப மலை மாதிரி குவிஞ்சுகிடந்த பெட்டிகளைப் படத்துல பார்த்தோமே. 48 மணி நேரத்துக்குள்ள பெட்டிகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் குடுங்கன்னு அரசாங்கம் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த ரெண்டு நாளைக்குச் சர்க்கரை மாத்திரை இல்லாம அம்மா என்ன பண்ணுவாங்க? பெட்டி போட்டதும் அவங்க ஒட்டித் தர்ற டேக்கைப் போன்ல படம் எடுத்துக்கோ.

ஏர்போர்ட்டுக்குள்ள போன பிறகு ரத்தானா, கவுன்ட்டர் வரிசையில ஒருத்தர் நிக்கட்டும், இன்னொருத்தர் போன்ல ஆப், வாட்ஸாப், கால் சென்டர் மூணையும் முயற்சி பண்ணட்டும். ஏர்லைன் நம்பரைக் கூகுள்ல தேடி முதல்ல வர்றதுக்கு அடிக்காதே. இந்த மாதிரி நாள்லதான் போலி கஸ்டமர் கேர் நம்பர்காரங்க வலை விரிப்பாங்க. ரீஃபண்ட் அனுப்பறேன், ஓ.டி.பி. சொல்லுங்க, ஒரு ஆப் இறக்குங்கன்னா போனை வச்சுடு. டிக்கெட்ல அச்சடிச்சிருக்கிற நம்பர் மட்டும்தான்.

செக்யூரிட்டி தாண்டிட்டா நினைச்சபடி வெளியே வர முடியாது. ஏர்லைன் ஆள் வந்து உன்னை ஆஃப்லோட் பண்ணினாத்தான், அதாவது பயணிகள் பட்டியல்லேர்ந்து எடுத்தாத்தான், பாதுகாப்புக்கு நிக்கிற சி.ஐ.எஸ்.எஃப். விடுவாங்க. வெளிநாட்டு ஃப்ளைட்டுன்னா இமிகிரேஷன்ல பாஸ்போர்ட்டுல குத்தின முத்திரையை ரத்து பண்ணணும். அதை முடிக்காம வந்துட்டா அடுத்த பயணத்துல பதில் சொல்லணும். பெட்டியைக் கையில வாங்காம வெளியே வராதே.

தாமதம்னா கணக்கு வேற. ரெண்டரை மணி நேரம் வரைக்கும் பறக்கற ஃப்ளைட் ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாமதமானா சாப்பாடு, டீ, காபி தரணும். அஞ்சு மணி நேரம் வரைக்கும் பறக்கறதுன்னா மூணு மணி நேரத் தாமதம், அதுக்கு மேல நாலு. ஆறு மணி நேரத்துக்கு மேல தாமதம்னா மாற்று ஃப்ளைட் இல்லைன்னா முழுப் பணம்னு நீ கேட்கலாம். ராத்திரி எட்டுலேர்ந்து விடியற்காலை மூணுக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போனா ரூம் உண்டு. மத்ததுக்கு 24 மணி நேரம் தாண்டணும். ஸ்டிரைக்கைக் காரணம் காட்டிச் சாப்பாடு, ரூமையும் மறுக்க விதியில இடம் இருக்கு. ஆனாலும் கேளு. தண்ணி, சாப்பாட்டு கூப்பன் இதெல்லாம் கேட்கிறவங்களுக்குப் பெரும்பாலும் கிடைச்சுடும். தரலைன்னா நீ வாங்கற இட்லி பில், ஆட்டோ ரசீது, ரூம் பில் ஒண்ணு விடாம வச்சுக்கோ.

கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட கத்தாதே, தயவுசெஞ்சு. சம்பளம், அலவன்ஸ், தூக்கம்னு போராடறவங்களும் நம்மள மாதிரி மாசச் சம்பளக் குடும்பம்தான். அந்தப் பொண்ணு போராட்டத்துலயும் இல்லை, நிர்வாகத்துலயும் இல்லை. பல நேரம் அவ அந்த ஏர்லைன் ஊழியரே கிடையாது, தரைப்பணி ஒப்பந்தக் கம்பெனி ஆள். பயம் இல்லாம உன் பிரச்சினையைக் கேட்கிற நிலையில அவளை வச்சுக்கோ. அவசரம் ஏதாவது இருந்தா முதல் வாக்கியத்துலயே சொல்லு. மருத்துவமனைச் சீட்டைப் போன்ல காட்டு. 2024 மே மாசம் மஸ்கட் மருத்துவமனையில இருந்த கணவரைப் பார்க்க திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வந்த ஒரு பெண்ணோட ஃப்ளைட் ரத்தாச்சு. அடுத்த சில நாள்லயும் போக வழி கிடைக்கலை. பார்க்காமலேயே அவர் போயிட்டார். அதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. இந்த மாதிரி நேரத்துல அந்த ஏர்லைனோட அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருக்காதே. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் கேட்டுப் பணம் புரட்டி, வேற ஏர்லைன்ல, வேற ஊர் வழியா, எப்படியாவது அன்னிக்கே கிளம்பு. கணக்கு வழக்கை அப்புறம் பார்த்துக்கலாம்.

வெளிநாட்டு விதி தெரிஞ்சா உன் நாத்தனாருக்கு உதவும். ஐரோப்பிய ஏர்போர்ட்லேர்ந்து கிளம்பற எந்த ஃப்ளைட்டுக்கும், அங்கே போற ஐரோப்பிய ஏர்லைன் ஃப்ளைட்டுக்கும் அவங்க சட்டம் செல்லும். சென்னையிலேர்ந்து ஃபிராங்க்ஃபர்ட் போற லுஃப்தான்சா அதுல வரும். துபாய் வழியா எமிரேட்ஸ்ல போறது வராது, ஆனா அதே எமிரேட்ஸ்ல பாரிஸ்லேர்ந்து கிளம்பித் திரும்பறது வரும். 2018-ல டுய்ஃப்ளை வழக்குலயும், 2021-ல எஸ்.ஏ.எஸ். வழக்குலயும் ஐரோப்பிய நீதிமன்றம், ஏர்லைனோட சொந்த ஊழியர் வேலைக்கு வராம போனதையும் பண்ணின ஸ்டிரைக்கையும் 'கையை மீறின காரணம்'னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 3,500 கிலோமீட்டருக்கு மேல போற ஃப்ளைட்டுக்கு 600 யூரோ. 14 நாள் முன்னாடியே சொல்லிட்டா கிடையாது. ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்காரங்க ஸ்டிரைக் பண்ணா 600 யூரோ இல்லை, ஆனா சாப்பாடும் ரூமும் அப்பவும் உண்டு. கனடாவுல வேற மாதிரி. ஆகஸ்ட் 2025-ல ஏர் கனடா கேபின் க்ரூ பத்தாயிரம் பேர் ஸ்டிரைக் பண்ணினப்ப, டொரொன்டோ தமிழ்க் குடும்பங்களும் மாட்டியிருப்பாங்க. அங்கே ஸ்டிரைக்குக்கு நஷ்டஈடு இல்லை. ஆனா பெரிய ஏர்லைனா இருந்தா, 48 மணி நேரத்துக்குள்ள தன் ஃப்ளைட்லயோ கூட்டாளி ஃப்ளைட்லயோ அனுப்ப முடியலைன்னா, போட்டி ஏர்லைன்ல டிக்கெட் எடுத்துக் குடுக்கணும். அதைக் கேட்டு வாங்கணும், தானா வராது.

எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தபிறகு கிரெடிட் கார்டுல ஏழு நாள் பாரு. ரீஃபண்ட் வரலைன்னா முதல்ல ஏர்லைன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இமெயில். பி.என்.ஆர்., தேதி, ரத்துன்னு வந்த மெசேஜோட ஸ்கிரீன்ஷாட், பில்லு, எவ்வளவு பணம் வேணுங்கற தொகை. கதை எழுதாதே, எட்டு வரி போதும். பதில் சரியில்லைன்னா அரசாங்கத்தோட ஏர்சேவா ஆப்ல புகார் போடு. அதுவும் நகரலைன்னா 1915-க்குப் போன் பண்ணு, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மேல, நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2019 நுகர்வோர் சட்டப்படி நீ வசிக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம். ஏர்லைன் தலைமை ஆபீஸ் குர்கான்ல இருந்தாலும் நீ சென்னையிலயே போடலாம். நீ கட்டின பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி சைட்ல வீட்டுலேர்ந்தே பதிவு பண்ணலாம். ரெண்டு வருஷம் டைம் இருக்கு, ஆனா மெசேஜும் பில்லும் அதுக்குள்ள காணாம போயிடும். போன் மாத்தறப்ப வாட்ஸாப் அழிஞ்சா ஆதாரமும் அழிஞ்சது. அதனால ரத்தான அன்னிக்கே எல்லாத்தையும் உனக்கு நீயே ஒரு இமெயிலா அனுப்பிடு, எனக்கும் ஒரு காப்பி போடு.